சூசையப்பர் இலை

எங்கள் அண்ணி மதலேனம்மாளுக்கு ஒரு வியாதி இருந்தது. வழியில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் சர்வேசுரன்தான் அனுப்பினார் என்பாள். ஒருநாள் ஹாலிஎல ரோட்டில் நடுங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருத்திக்குக் கம்பளியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுடைய கம்பளி அல்ல, அன்று என்னிடம் இரவல் வாங்கிப் போர்த்திப் போன என் கம்பளி! கேட்டதற்கு, "அவ ஏன் சரியா அந்த நேரத்துல என் எதிர்க்க வரணும், செபஸ்தி? யோசிச்சுப் பாருடி" என்றாள். நமுனுகுலத் தேயிலை மலைக் குளிரில் சாக்குக்குள் சுருண்டு படுத்து நன்றாக யோசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. என் அண்ணன் இன்னாசியோ வாயில்லாப் பூச்சி. பெண்டாட்டி வீட்டையே தூக்கிக் கொடுத்தாலும் ஒரு பக்கம் பிடித்துக் கொடுப்பான்.

அவளுக்கு மூத்தவன் எட்டு மாதத்தில் போய்விட்டான். இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் கால் ஊன்றவில்லை. "இவன் நடந்தா மூணு வருஷம் சூசையப்பர் திருநாளுக்கு விருந்து வைக்கிறேன்" என்று அண்ணி நேர்ந்துகொண்டாள். நத்தார்ப் பண்டிகைக்கு முன் பிள்ளை சுவரைப் பிடித்து எழுந்தான். பொங்கலுக்கு எங்கள் லயத்து வரிசை வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கோழி விரட்டிக்கொண்டிருந்தான். இனி நேர்ச்சையில் ஒரு குறை வந்தால் அந்தக் காலுக்குத்தான் கேடு என்று அவளுக்கு ஒரே பயம்.

அவள் பிறந்த ஊர் திருச்சிப் பக்கம். அங்கே இந்த விருந்துக்கு ஒரு முறை உண்டாம். ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு குழந்தை. அன்றைக்கு அவர்கள்தான் சூசையப்பர், தேவமாதா, சேசு பாலன். காலைச் செபம் முடிந்து ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். முதலில் வருகிறவர்களைக் கூப்பிட வேண்டும். பொறுக்கக் கூடாது. கால் கழுவி உட்கார வைத்தபின், உண்டு முடிக்கும்வரை யாரும் இலையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் நேர்ச்சை முறிந்துபோகும்.

அந்த வருஷம் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு இல்லை, மலையில் வேலை இல்லை. விடிந்ததும் இருவரும் ரோடு வளைகிற முடக்கில் போய் நின்றோம். முதலில் வந்தவள் பதுளையிலிருந்து லயம் லயமாக வளையல் விற்க வரும் ஸகீனா. கூடவே அவள் குட்டி மகள் றஷீனா. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள்.

"எறச்சி கிறச்சி ஒண்டும் இல்லத்தானே?" என்று கேட்டாள் ஸகீனா.

"தபசுகாலம்க்கா. பருப்பும் பூசணிக்காயும்தான்" என்றாள் அண்ணி.

அவ்வளவுதான், வந்துவிட்டார்கள். "தேவமாதாவுக்கு முக்காடு சரி, அண்ணி. சேசு பாலனுக்குக் கை நிறைய வளையலா?" என்று நான் பொருமினேன். "பொறுக்கக் கூடாதுடி" என்றாள்.

கிழவர்தான் கிடைக்கவில்லை. வெயில் ஏறியது. சோறு வெந்து காத்திருந்தது. தோட்டத்துக் கிழவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள், மீதிப் பேர் கப்பலேறி இந்தியாவுக்கு. கடைசியில் முடக்கில் ஒரு தலை தெரிந்தது. அழுக்கு வேட்டி, கையில் ஒரு கம்பு. கிட்டே வந்ததும் ஆள் யாரென்று தெரிந்தது.

வீரய்யா! எங்கள் பழைய பெரிய கங்காணி. பட்டுத் தலைப்பாகையும் கோட்டும் வெள்ளிப் பூண் பிரம்புமாகத் திரிந்தவன். வெள்ளைக்காரத் தொரையோடு மனஸ்தாபமாகித் தோட்டத்தை விட்டு விரட்டப்பட்டான். பெற்ற பிள்ளைகளும் கைவிட்டார்கள். தோட்டம் தோட்டமாகக் கையேந்துகிறான் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டிருந்தேன்.

மூத்தவன் காய்ச்சலில் துவண்டு கிடந்த அன்று, பெரட்டில் இவன் காலில்தான் அண்ணி விழுந்தாள். ஒருநாள் பிள்ளையோடு இருக்க விடுங்கள் என்று கெஞ்சினாள். "புள்ளக் காச்சலுக்கெல்லாம் வேலய நிறுத்தினா, தொர என்னைய நிறுத்திருவான். ஏறு மலைக்கு!" என்று விரட்டினான். கொட்டுகிற மழை. கொழுந்துக் கூடையோடு அவள் இறங்கி வருவதற்குள் பிள்ளை முடிந்துவிட்டான்.

"இவன் வேணாம். இன்னொரு கெழவன் வருவான், நில்லு" என்றேன்.

அண்ணியின் முகம் சாம்பலாக இருந்தது. "இவருதான் மொதல்ல வந்தாரு" என்றாள்.

"யாரு பாத்தா? நானும் நீயுந்தானே!"

"சூசையப்பரே, ஒமக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினாள். கத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் போனாள். "பெரியவரே, வாங்க. சாப்பிட்டுப் போங்க."

அந்த வெட்கங்கெட்ட மனுஷன் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை! நூறு பேரை விரட்டியவனுக்கு ஒரு முகம் எங்கே நினைவிருக்கும்? அட்டை கடித்து ரத்தம் வழிந்த அவன் காலை அண்ணி கழுவினாள். நான் சட்டியை நங்கென்று வைத்தேன். வேறென்ன செய்ய?

மூவரும் சாப்பிட்டார்கள். அவன் அள்ளி அள்ளித் தின்றான். "ஒங்க கொலம் வாழணும் தாயி. எந்தப் புள்ளைக்கு நேர்ச்ச?" என்றான்.

"எளையவனுக்கு."

"மூத்தது?"

அண்ணியின் கையில் இருந்த அகப்பை நின்றது. "மூத்தவன் பேரு அருளப்பன். எட்டு மாசம். காச்சல்ல கெடந்தான். ஒரு நாளு நிக்கிறேன்னு பெரட்டுல ஒங்க கால்ல விழுந்தேன், கங்காணியாரே. மழையில மலைக்கு வெரட்டுனீங்க."

அவன் கையிலிருந்த கவளம் இலையில் விழுந்தது. அவளையே பார்த்தான். பிறகு தரையில் கையூன்றி எழப்போனான்.

"எந்திரிக்காதீங்க!" அண்ணியின் குரல் லயம் முழுக்கக் கேட்டது. "எந்திரிச்சா என் நேர்ச்ச முறிஞ்சிரும். இருக்கிற ஒண்ணுக்கு ஆகாது. சாப்பிடுங்க." இன்னொரு அகப்பை சோறு வைத்தாள். "இது அருளப்பன் பேருக்கு."

அவன் தின்றான். கண்ணீர் தாடியில் இறங்கி இலையில் சொட்டியது. துடைக்கவில்லை. ஸகீனா எழத் துடித்த மகளை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் முடிக்கும்வரை தன் இலையில் கை வைத்தபடி இருந்தாள். பிறகு அவன் கம்பை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிப் போனான்.

சாயந்திரம் கேட்டேன், "மனசு லேசாச்சாக்கும்?"

"இல்லடி. கால் கழுவயில அந்தக் கணுக்கால ஒடிச்சிரலாமான்னு இருந்திச்சு."

"பின்ன எதுக்கு இந்தக் கூத்து?"

"பசியோட வந்தாரு. அவரக் கொண்டாந்து நிறுத்துனவர்கிட்ட போயிச் சண்டபுடி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். இப்படிப்பட்டவளோடு எப்படி மல்லுக்கட்டுவது?

மறு வருஷம் திருநாளன்று அவன் முன்கூட்டியே வந்து நிற்பான், ருசி கண்ட பூனை என்று கறுவிக்கொண்டே போனேன். முடக்கில் நின்றது கண் தெரியாத வேறொரு கிழவர். "யாரோ ஒரு ஆளு கையப் புடிச்சு இங்கன நிறுத்திட்டுப் போனாருங்க. இன்னைக்கு இங்க சோறு கெடைக்கும்னு சொன்னாரு" என்றார்.

கீழே ரோட்டில் ஒருவன் கம்பை ஊன்றிப் போய்க்கொண்டிருந்தான். அண்ணி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்காது.

"என்னையப் பாக்காத! நான் போக மாட்டேன்" என்றேன். என்ன பிரயோசனம்? லயத்துக்கு ஓடி, சோற்றை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே இறங்கினேன். "யோவ் கங்காணி! நில்லும்! இந்தக் காலுக்கு ஓட்டம் ஒரு கேடா?"

நின்றான். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினான்.

"அருளப்பன் பேருக்கா?" என்று கேட்டான்.

பெயரை நினைவில் வைத்திருந்தான்.

"ஆமா. தின்னும்" என்றேன். திரும்பி ஏறி வரும்போது அவனைத் திட்டினேன், அண்ணியைத் திட்டினேன், சூசையப்பரையும் விடவில்லை. லயம் வந்து சேரும்வரை அழுகை நிற்கவில்லை.