வெள்ளிக்கிழமை இளநீர்

என்ட வாய் கொஞ்சம் நீளம். அதை முதலே சொல்லிப்போடுறன்.

மட்டக்களப்பில ஒரு ஆய்வுகூடத்தில எலிகளை வச்சு இதய மருந்து சோதிச்சுக்கொண்டிருந்தன். என்ட பட்டம் முழுக்க அந்த எலிகளை நம்பித்தான். எலியை மயக்கி, பேரியம் எண்ட உப்பைக் கொஞ்சம் ஊசியில ஏத்தினா அதுட இதயம் தாறுமாறாத் துடிக்கும். மறுகா பாதி எலிகளுக்கு எங்கட மருந்து, மற்றப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. மருந்து போட்டதுகள்ட துடிப்பு ஒழுங்குக்கு வரவேணும். உப்புத்தண்ணி போட்டதுகள்ட துடிப்பு தாறுமாறாவே ஓடவேணும். அப்பதான் மருந்து வேலை செய்யுதெண்டு சொல்லலாம்.

முதல் எலிகளைக் கடல் கொண்டுபோட்டுது. கூடம் அப்ப கடற்கரைப் பக்கம். சுனாமி வந்த அண்டைக்கு லீவு நாள், கதவு பூட்டு. எலிகளைப் பாக்கிற மாமாட சட்டைப் பையிலதான் திறப்பு இருந்தது. களுதாவளையில இருந்து அவர் நடந்தே வந்து கதவைத் திறக்கக்குள்ள கூடுகளுக்குள்ள ஒண்டும் உயிரோட இல்ல. என்ட ரெண்டு வருசக் கொப்பிகளும் சேறு. நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதன். மாமா அழல்ல. ஒவ்வொரு கூடாக் கழுவினார்.

வாவிப் பக்கம் ஒரு பழைய கட்டிடம் கிடைச்சு, எலி சேத்து, திரும்பத் தொடங்க வருசங்கள் போயிட்டு. சண்டை நேரம். போத்தல் நிறைய வெள்ளைத் தூளோட சோதனைச் சாவடியில நிண்டு, "எலிக்கு ஊசி போட" எண்டு சொல்லிப் பாருங்க, தெரியும் பாடு!

ஈசிஜி மெசின் எனக்குப் புதனும் சனியும்தான் கிடைக்கும். புதன்கிழமை எல்லாம் ஒழுங்கு. சனிக்கிழமை வந்தா உப்புத்தண்ணி எலிகளும் ரெண்டு நிமிசம் தடுமாறிப்போட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி டிக் டிக் எண்டு துடிக்கும். ஒரு சனியில்ல, எல்லாச் சனியும்.

என்ட ஆராய்ச்சிக்குப் பொறுப்பான சேர் தாளைப் பாத்துப்போட்டுச் சொன்னார்: "உங்கட உப்புத்தண்ணியைப் போத்தல்ல அடைச்சு ஆஸ்பத்திரிக்கு வித்தா நாங்க எல்லாரும் பணக்காரர்." மறுகா சிரிப்பை விட்டுப்போட்டு, "ஒரு மாசம் தாறன். சரிவராட்டி ஆராய்ச்சியை மூடுங்க" எண்டார்.

உப்பை மாத்தினன், ஊசியை மாத்தினன், கரண்டைக் குறை சொன்னன். கடைசியா மாமாவோட பாஞ்சன். "கூட்டில ஒட்டின சீட்டை மாத்திப் போட்டீங்களா?"

"எனக்கு வாசிக்கத் தெரியும் புள்ள" எண்டுபோட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வெள்ளி பின்னேரம், மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பிப் போனன். மாமா கூடுகள்ல தொங்கின தண்ணிப் போத்தல்களைக் கழட்டி, வேற ஏதோ ஊத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது?"

"இளநீர், புள்ள. கோயில்ல அபிஷேகத்துக்கு வந்தது. இதுகள் பிள்ளையார்ட வாகனம் தானே." நிரப்பின போத்தலைக் கூட்டில மாட்டினார். "அண்டைக்குத் திறப்பு என்ட பைக்குள்ள கிடந்தது. கடல்தண்ணி குடிச்சுச் செத்ததுகள். கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணி குடுப்பன் எண்டு பிள்ளையாருக்கு நேந்தனான்."

ஏசத்தான் வாயைத் திறந்தன். அதுக்குள்ள எனக்கு விளங்கிட்டு. மூண்டு மாசமா என்னைப் பைத்தியமாக்கினது இந்த இளநீர்! இளநீர் முழுக்கப் பொட்டாசியம். பேரியம் செய்யிற குழப்படியை அடக்கிறது பொட்டாசியம் எண்டு படிச்சுப் பாஸ் பண்ணினவள் நான். இரவிரவா இதைக் குடிச்ச எலி விடியச் சனிக்கிழமை எப்பிடித் தடுமாறும்?

"ஐயோ மாமா, எனக்கு முதல் நீங்க மருந்து குடுத்திரிக்கிறீங்க!" எண்டு கத்தினன். சிரிப்பும் அழுகையும் ஒண்டா வந்தது. மனிசன் பயந்துபோனார்.

நேத்தியை விடுங்க எண்டு கேக்க எனக்கு மனம் வரல்ல. மெசின் பாவிக்கிற மற்ற ஆக்களிட்டக் கெஞ்சி, சனியைக் குடுத்து வியாழனை வாங்கினன். அதுவரைக்கும் எடுத்த சனிக்கிழமை முடிவுகளை ஆய்வேட்டில ஒரு தனிப் பக்கத்தில, நடந்தது நடந்தபடி எழுதினன். சேர் பாத்துப்போட்டு, "இதைக் கிழியுங்க, சிரிப்பாங்க" எண்டார்.

"ஏலா சேர்."

"உங்கட பட்டம், உங்கட தலையெழுத்து" எண்டுபோட்டு எழும்பிப் போயிட்டார்.

கடைசிச் சோதனைகள் நடக்கக்குள்ள வடக்கில சண்டை முடியிற கட்டம். ஊரெல்லாம் ரேடியோவுக்குக் கிட்டச் சனம், ஒருத்தர்ட முகத்திலயும் இரத்தமில்ல. உள்ள, மருந்து போட்ட எலிகள்ட கோடு கோணலாப் போய் நேராகுது. உப்புத்தண்ணி எலிகள்ட கோடு கோணலாவே ஓடுது. புதனும் அப்பிடி, வியாழனும் அப்பிடி. சந்தோசப்பட வெக்கமாத்தான் இருந்தது. எண்டாலும் சந்தோசப்பட்டன்.

சண்டை முடிஞ்சாப் பிறகு கொழும்பில இருந்து பரீட்சகர் ஒருத்தர் வந்தார். மருந்தைப் பற்றி ரெண்டு கேள்வி கேட்டார். மறுகா அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தை விரிச்சு மேசையில வச்சார். எங்கட சேர் யன்னலுக்கு வெளிய பாத்துக்கொண்டிருந்தார்.

"கோயில் இளநீர். இதை மறைச்சிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது தானே?" எண்டு பரீட்சகர் கேட்டார்.

"ஓம் சேர். ஆனா எனக்குத் தெரியும்."

கண்ணாடியைக் கழட்டி என்னைப் பாத்தார். "இதை எழுதின ஆள் மற்றப் பக்கங்களில பொய் எழுதியிருக்க மாட்டா. எனக்கு வேற கேள்வி இல்ல" எண்டுபோட்டுக் கையெழுத்து வச்சார்.

செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு எலிக்கூடத்துக்கு ஓடினன். அண்டைக்கும் வெள்ளிக்கிழமை. மாமா பாதிக் கூடுகளுக்கு ஊத்தி முடிச்சிருந்தார்.

"பாஸ் மாமா! உங்கட இளநீராலதான் பாஸ்!"

நடந்ததைச் சொன்னன். சொல்லி முடிக்க முதலே, சுனாமிக்கு அழாத மனிசன் கூட்டைப் பிடிச்சுக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அவர்ட கையில இருந்த போத்தலை வாங்கி, மிச்ச எலிகளுக்கு நான் ஊத்தினன்.