மாமா போட்ட முதல் கையெழுத்து

என் அக்காவின் கணவர் தையல்காரர். எட்டு வருடங்களாக எங்கள் தேசிய கால்பந்து அணியின் சட்டைகளில் எண் தைப்பவர் அவர்தான். நம் ஆட்டக்காரர்கள் தோற்றுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திடலைவிட்டுப் போகும்போது தொலைக்காட்சியில் தெரிவதெல்லாம் முதுகுகள்தான். அந்த முதுகுகளில் இருப்பது மாமாவின் வேலை. நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த தையல் உங்களுடையதுதான் என்று அவரைச் சீண்டுவேன். அவர் சிரிக்கக்கூட மாட்டார். வாயில் எப்போதும் நூல் இருக்கும்.

அந்த வேலை அவருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. முன்பெல்லாம் எண்களைப் பசை வைத்து ஒட்டுவார்கள். ஒருமுறை அடை மழையில் ஆட்டம் நடந்தது. பத்தாம் எண் ஆட்டக்காரரின் முதுகிலிருந்து ஒன்று உரிந்து விழுந்துவிட, இரண்டாம் பாதி முழுக்க அவர் வெறும் பூஜ்யமாக ஓடினார். ஆட்டமும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தது. மறுநாள் காலையில் மாமா கால்பந்துச் சங்கத்தின் அலுவலகத்துக்கு ஒரு வாளித் தண்ணீரும் தான் எண் தைத்த ஒரு சட்டையுமாகப் போனார். அவர்கள் கண் முன்னால் சட்டையை முக்கி, அடித்துப் பிழிந்து, "பிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாராம். யாராலும் பிய்க்க முடியவில்லை. வேலை கிடைத்தது.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அணியில் யார் புதிதாக வருகிறார், யார் போகிறார் என்பது சட்டை தைப்பவனுக்கு முதலில் தெரிந்துவிடும். அதனால் கடைக்கு வரும் துணியைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது என்றார்கள். மாமா தலையாட்டினார். அப்படி ஒரு முறை தலையாட்டிவிட்டால் அது மாமாவுக்குப் போதும்.

நான் அவருக்கு நேர் எதிர். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று நாள் முழுக்கக் கத்தியே தொண்டை பெருத்துவிட்டது. வேலை முடிந்ததும் நேராக மாமா கடைக்குத்தான் போவேன். இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு இஸ்திரி மேசை, சுவரோரம் ஒரு பெஞ்சு, நூல் அலமாரியின் மேல் ஒரு சின்னத் தொலைக்காட்சி. அக்கா மூலையில் உட்கார்ந்து பொத்தான் ஓட்டைகளுக்கு ஓரம் தைப்பாள். பக்கத்துக் கடை முடிதிருத்துபவர், வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் இங்கேதான் இருப்பார். நானும் அவரும் பேசுவோம். மாமா தைப்பார். இதுதான் எங்கள் சபை.

கடந்த ஒரு வருடமாகப் பேச்செல்லாம் பயிற்சியாளரைப் பற்றித்தான். அவர் முன்பு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். நாங்கள் அவரை வாத்தியார் என்றுதான் சொல்வோம். வந்ததும் முப்பத்தைந்து வயது கேப்டனை வெளியே உட்கார வைத்துவிட்டு, மீசை முளைக்காத ஐந்து பையன்களை உள்ளே இறக்கினார். எனக்கு இரண்டு வருடம் கொடுங்கள், அதற்கப்புறம் கேள்வி கேளுங்கள் என்றார். அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். முடிதிருத்துபவருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"புள்ளைங்கள வளக்க இதென்ன பள்ளிக்கூடமா? நாட்டுக்கு ஆடுற டீமு. பின்னாடி நாலு பேரு நிக்கிறான், நாலு பேருக்கு நடுவுல லாரியே போகுது" என்பார்.

"கேப்டனுக்கு ஓடவே மூச்சு இல்லண்ணே. அவர வச்சு பத்து வருஷமா என்னத்தக் கிழிச்சோம்? இந்தப் பசங்களுக்கு இன்னும் பத்து ஆட்டம் குடுங்க, பாருங்க" என்பேன்.

"பத்து ஆட்டத்துல நாப்பது கோல் வாங்குவானுங்க. அதப் பாக்கவா?"

மாமாவிடம் கேட்டால், "நல்ல மனுஷன்" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு, மாமா என் கட்சி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படித்தான் அந்த நாலு கோல் ஆட்டம் வந்தது. பிற்பகல் ஆட்டம், கடையில் உட்கார்ந்தே பார்த்தோம். நாங்கள் ஒன்றும் போடவில்லை, அவர்கள் நாலு போட்டார்கள். முடிதிருத்துபவர் சந்தோஷப்படவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான் விடுவேனா? மாமாவின் மேசையிலிருந்த நூல் சுற்றிய பாபின்களை அள்ளி இஸ்திரி மேசையில் பரப்பினேன். வெள்ளை நூல் நம் ஆட்கள், கறுப்பு நூல் எதிரணி. வலப்பக்கம் ஓடும் பையன் மேலே போனபோது அவன் இடத்தை யாரும் அடைக்கவில்லை, நாலு கோலும் அந்த ஒரே ஓட்டை வழியாகத்தான் வந்தது, ஒரு ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்று பாபின்களை நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். மாமாவின் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தங்க நிற நூல் சுற்றிய ஒரு பாபின் தனியாக இருந்தது. அதையும் எடுத்து மேசையின் ஓரத்தில் நிறுத்தினேன்.

"இது வாத்தியார். இங்க நின்னு எல்லாத்தையும் பாக்குறாரு. அடுத்த ஆட்டத்துல சரி பண்ணிடுவாரு" என்றேன்.

மாமா எழுந்து வந்தார். "அது வேணும், குடு மாப்ளே" என்று அந்தத் தங்க நிற பாபினை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பழையபடி உட்கார்ந்தார். அவர் கையில் கருநீலத் துணி ஒன்று இருந்தது. வழுக்குகிற துணி என்றால் அதன்மேல் மெல்லிய காகிதம் வைத்து, காகிதத்தில் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே தைப்பார். தைத்து முடித்ததும் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடுவார். அன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான்.

மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதின. எனக்கு ரத்தம் கொதித்தது. அவரை வைத்துக்கொள்ளச் சொல்லிச் சங்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். அன்று மாலையே முதல் தாளைக் கொண்டுபோய் மாமா முன்னால் நீட்டினேன்.

"முதல் கையெழுத்து உங்களுதாத்தான் இருக்கணும் மாமா. உங்க கை ராசியான கை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் நான் நானாக இல்லை. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், டிக்கெட் பரிசோதகர் என்று ஒருவரையும் விடவில்லை. பயணிகளிடம் ஜன்னல் வழியாகத் தாளை நீட்டினேன். கையெழுத்துப் போடாவிட்டால் வண்டி கிளம்பாது என்று ஒரு பெரியவரை மிரட்டினேன் என்பதும் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். வண்டிகள் தாமதமானதற்கு மேலாளர் கூப்பிட்டு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கினேன். மொத்தம் ஆயிரத்து எழுநூறு. அவ்வளவு பேரும் வாத்தியாருக்காகப் போட்டதாகத்தான் நம்பினேன். பாதிப் பேர் வண்டியை எடுப்பதற்காகப் போட்டார்கள் என்று முடிதிருத்துபவர் சொன்னார்.

என் ஓய்வு நாளில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு சங்க அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வழியில் மாமா கடையில் தலையைக் காட்டினேன். அவர் ஒரு பார்சலை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அங்கதானே போற. இதையும் குடுத்துடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவருடைய வழக்கம்தான் என்பதால் நானும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு கையில் மனு, ஒரு கையில் பார்சல். இரண்டையும் ஒரே ஜன்னலில் நீட்டினேன். அங்கிருந்த குமாஸ்தா பார்சலை உடனே வாங்கிக்கொண்டார். "வந்துடுச்சா? இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மனுவைப் பார்த்து, "அது அங்க இருக்கட்டும்" என்று ஜன்னலோரத்தைக் காட்டினார். நான் வைத்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள் முடிதிருத்தும் கடையில் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் செய்தி வந்தது. வாத்தியார் நீக்கப்பட்டார். புதிய பயிற்சியாளர், சங்கத் தலைவரின் சம்பந்தி. மகளைக் கொடுத்த கையோடு அணியையும் வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது. அவர் கருநீல மேல்சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் அவர் பெயரின் இரண்டு எழுத்துகள் தங்க நூலில் மின்னின. ஆட்டக்காரர்களுக்கு வெள்ளை நூல். தங்க நூல் பயிற்சியாளருக்கு மட்டும்தான்.

முடிதிருத்துபவரின் கத்தரி நின்றுவிட்டது. எப்போதும் என்னை மடக்கப் பார்க்கும் மனுஷன், அன்றைக்கு மெல்லத்தான் கேட்டார். "தம்பி, இன்னிக்குக் காலையிலதானே ஆள மாத்தினாங்க. அந்த எழுத்த எப்பத் தைச்சாங்க?"

பாதி வெட்டிய தலையோடு மாமா கடைக்குள் போனேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். நான் என்ன கேட்க வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்தத் துணி எப்ப வந்துச்சு மாமா?"

"நாலு கோல் ஆட்டத்துக்கு முந்தின வாரம்."

எனக்கு முதலில் புரியவில்லை. திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னார்.

"அப்போ அந்த ஆட்டத்துல ஜெயிச்சிருந்தா?"

"ஜெயிச்சாலும் அதேதான்."

வலப்பக்கத்து ஓட்டை, பாபின்கள், ஒரு ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்ற பேச்சு எல்லாம் நினைவுக்கு வந்தன. வாத்தியார் திடலோரம் நின்று தொண்டை கிழியக் கத்தியது நினைவுக்கு வந்தது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் வாத்தியாரென்று எடுத்து நிறுத்திய நூலை வாங்கிக்கொண்டு போய் இவர் சம்பந்தியின் பெயரைத் தைத்திருக்கிறார்.

"அப்புறம் எதுக்கு மனுவுல கையெழுத்துப் போட்டீங்க?"

"வாத்தியார் இருக்கணும்னு எனக்கும் ஆசை. அதான் போட்டேன்."

"தைச்சது?"

"அது வேலை மாப்ளே."

"பார்சல என் கையிலயே குடுத்து அனுப்பினீங்களே, அது?"

அதற்கு அக்காதான் வாயைத் திறந்தாள். "உன்கிட்ட சொல்லியிருந்தா அடுத்த வண்டியிலயே ஊரெல்லாம் போயிருக்கும். இந்த மனுஷனுக்கு அந்த வேலை போயிருக்கும். சொல்லு, நீ வாய மூடிக்கிட்டு இருந்திருப்பியா?"

இருந்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். என்னைத் துளியும் நம்பவில்லை, நம்பாததும் சரிதான் என்பதுதான் நெஞ்சை அறுத்தது. சங்கத்துக்காரன் ஏமாற்றினான் என்றால் அவன் யாரோ. இவர் என் வீட்டு மனுஷன். என்னை இரண்டு வாரம் ஜன்னல் ஜன்னலாக அலைய விட்டு, அதைப் பார்த்துக்கொண்டே தைத்திருக்கிறார். இனி இந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மீதி முடியை வேறு கடையில் வெட்டிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. புதிய பயிற்சியாளர் பழைய கேப்டனைத் திரும்பக் கொண்டுவந்தார். ஐந்து பையன்களில் நாலு பேரைக் காணோம். அணி இரண்டு ஆட்டம் தோற்றது. திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தும், கூட உட்கார்ந்து திட்ட ஆள் இல்லை. அக்கா வீட்டுக்கு வந்து, அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, உன் பெஞ்சில் யாரையும் உட்கார விடுவதில்லை என்றாள். எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட மறைக்கக் கூடாது. நல்லதோ கெட்டதோ. அதுக்கு அவரு சரின்னா வர்றேன்" என்றேன்.

மாமா தலையாட்டினார் என்று மறுநாள் சொல்லி அனுப்பினாள்.

அன்று மாலை போனேன். முடிதிருத்துபவர் ஒன்றுமே நடக்காதது போல், "வாங்க, உங்க வாத்தியார் போயும் நாலு கோல்தான் வாங்குறோம்" என்றார். உட்கார்ந்தேன். அக்கா டீக்குச் சொல்லி அனுப்பினாள். இஸ்திரி மேசையில் சங்கத்திலிருந்து அன்று வந்த துணிக்கட்டு பிரித்துக் கிடந்தது. மாமா எழுந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு கத்தைத் தாளை எடுத்து என் மடியில் வைத்தார்.

கசங்கிய தாள்கள். இஸ்திரி போட்டு நீவியிருந்தார், ஆனாலும் கட்டின் மடிப்பும் கயிறு இறுகிய தடமும் போகவில்லை. துணியைச் சுற்றி அனுப்ப அந்தக் குமாஸ்தா ஜன்னலோரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறார். மேல் தாளில் முதல் வரியில் மாமாவின் கையெழுத்து, முழுப் பெயரும் நிறுத்தி நிதானமாக. அதற்குக் கீழே ஓட்டுநர்கள், நடத்துநர்கள், நான் மிரட்டிய அந்தப் பெரியவர்.

"மறைக்கக் கூடாதுன்னு சொன்னியே" என்றார்.

இந்த ஒன்றை மட்டும் மாமா என்னிடம் மறைத்திருக்கலாம்.