பிடிக்காத கால்

நெசவு வீட்டில் ‘பிடிக்கிறது’ என்ற சொல்லுக்கு வேறு பொருள். விரலில் சொரசொரப்பு இருந்தால் பட்டு இழை அதில் மாட்டிக்கொண்டு இழுபடும். அதைத்தான் பிடிக்கிறது என்போம். நெய்த சேலையைத் தொட வருகிறவர்கள் முதலில் ஒரு துண்டுப் பட்டின்மேல் கையை ஓட்டிக் காட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால்தான் சேலை பக்கம் வரலாம். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் கையைப் பார்த்துப் ‘புடிக்கல’ என்றால் அது பாராட்டு.

என் மனைவிக்கு இது தெரியாது. உறவுக்காரப் பெண்தான். ஆனால் அவள் அப்பா தறியை விட்டுவிட்டு வாலாஜாபாத் பக்கம் நிலத்தைப் பார்க்கப் போனவர். இவள் நாற்று நட்டு வளர்ந்தவள். அறுபதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. வந்த மூன்றாம் நாள், தறியில் இருந்த சேலையை ஆசையாகத் தடவினாள். நான் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “புடிக்குதுமா” என்றேன்.

அவள் முகமெல்லாம் சிவந்து, “எனக்கும்தாங்க” என்றாள்.

என் தங்கை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு எதற்கும் சிரிக்கத் தெரிந்திருந்தது.

அவளுடைய முகூர்த்தப் புடவை நான் நெய்தது. அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. கல்யாணத்தில் அம்மி மிதிக்கும்போது அவள் காலைப் பிடித்துத் தூக்கி வைத்தேன். வயல் சேற்றில் நடந்த காலாக இருந்தாலும் மெத்தென்று இருந்தது. அதைக் கெடுத்தது எங்கள் வீடுதான். கச்சாப் பட்டைச் சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்து அலசுகிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க அந்தத் தண்ணீரிலேயே நிற்பாள். விடிந்தால் தெருவில் பாவு நூலை நீளவாக்கில் கட்டி நீட்டுவோம். அதற்குக் கஞ்சி போட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெறுங்காலோடு நடப்பாள். ஒரே வருஷத்தில் இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு பிளந்துவிட்டது. என் பட்டு வழவழப்பாக வந்தது அந்தக் காலால்தான். அன்றைக்கு இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இரண்டாம் வருஷம் பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயில் திருக்கல்யாணத்துக்கு அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கோபுர வாசற்படியில் இறங்கும்போது கொசுவத்தின் அடி குதிகாலில் மாட்டி, கரையில் ஒரு சாண் நீளத்துக்கு இழை இழுபட்டுப் போனது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அது நான் போட்ட கரை ஆயிற்றே. அத்தனை ஜனத்துக்கு நடுவில், தங்கை பக்கத்தில் நிற்க, கத்தினேன்.

“இது காலா, அரமா? இந்தக் காலை வச்சிக்கினு உனக்குப் பட்டு ஒரு கேடா?”

அவள் கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே வீடு வரைக்கும் நடந்தாள். புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அடுத்த வருஷம் உத்திரத்துக்கு நூல் சேலையில் வந்தாள். ஏன் என்று கேட்டேன். “பட்டு கட்டுனா வேர்க்குதுங்க” என்றாள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராசிலிருந்து ஓர் அம்மா தன் மகள் கல்யாணத்துக்குச் சேலை சொல்ல வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரின் காலை என் மனைவி பார்த்தபடியே நின்றாள். குதிகால் இளஞ்சிவப்பாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. நகத்தில் சாயம். காப்பி கொடுக்கிற சாக்கில் கேட்டே விட்டாள். அந்த அம்மாவும் நல்ல மனுஷி, விலாவாரியாகச் சொன்னார். மவுண்ட் ரோடு பக்கம் சைனாக்காரர்கள் நடத்துகிற பார்லர் இருக்கிறதாம். நாற்காலியில் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைப்பார்களாம். கல்லால் தேய்த்து, கிரீம் போட்டு, ஒவ்வொரு விரலாக நீவிவிடுவார்களாம். முகத்துக்கு, பாலில் நனைத்த பஞ்சால் நோகாமல் துடைப்பார்களாம்.

“வலிக்காதுங்களா?” என்று கேட்டாள் இவள்.

“தூக்கம் வரும்மா” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் தறிக்கருகில் வந்து நின்றாள். “ஏங்க, மெட்ராசுக்குப் போறப்ப என்னையும் ஒருவாட்டி இட்டுக்கினு போறீங்களா? அந்த அம்மா சொன்னாங்களே, அங்க.”

“காலைக் கழுவ மெட்ராசுக்கா? நம்ம கெணத்துல தண்ணி இல்லியா இன்னா?” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தெருவில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். ஒரு வாரம் அவளை எங்கே பார்த்தாலும், “இன்னாமா, மெட்ராசு எப்போ?” என்று கேட்டார்கள். அவளும் சிரித்து மழுப்பினாள். அதற்குப்பின் என்னிடம் அவள் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரே ஒருமுறை தவிர.

அந்த வாரமே கிணற்றடியில் அவள் பார்லர் தொடங்கிவிட்டது. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் அலுமினியக் குண்டானில் வெந்நீர், கைப்பிடி உப்பு. அதில் காலை வைத்துக்கொண்டு உட்காருவாள். பிறகு செங்கல் துண்டால் தேய்ப்பாள். தேங்காய் எண்ணெயில் மெழுகுவத்தியை உருக்கி வெடிப்பில் தடவி, பழந்துணி சுற்றிக்கொள்வாள். துணி சுற்றிய காலோடு வீட்டுக்குள் தத்தித்தத்தி நடக்கும்போது, “அடிபட்ட கொக்கு வருது” என்பேன். மறுநாள் காலையில் மறுபடி சோடாத் தண்ணீரில் போய் நிற்பாள். மத்தியானம் மூடியது விடிந்ததும் பிளக்கும். இப்படியே வருஷக்கணக்கில். எதற்கு என்றோ, ஆறுகிறதா என்றோ நான் கேட்கவில்லை. பெண்கள் செய்வது ஏதோ என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் முகத்துக்குப் பயத்தமாவும் தயிரும் குழைத்துப் பூசிக்கொள்வாள். ஒரு வெள்ளிக்கிழமை, தறியை விட்டு எழுந்த என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். “கண்ணை மூடுங்க.” காய்ச்சாத பாலில் பஞ்சை நனைத்து என் நெற்றி, மூக்கோரம், காதுமடல் என்று மெல்லத் துடைத்தாள். பஞ்சு கருப்பாக வந்தது. “பாருங்க, எவ்ளோ அழுக்கு. மெட்ராசு பார்லர் நம்ம வூட்டுக்கே வந்துடுச்சு” என்றாள். அந்த அம்மா சொன்னது சரிதான். எனக்குத் தூக்கம் வந்தது. அவள் மடியிலேயே தூங்கிப்போனேன். எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. பெண்டாட்டி காலைப் பிடிக்கிறவன் என்று பெயர் வாங்க எந்த ஆண்பிள்ளைக்கு ஆசை?

கடைசி வருஷம் தை மாசத்தில் அந்த ஒருமுறை கேட்டாள். நான் தறியில் இருந்தேன். பின்னாலிருந்து, “இந்த உத்திரத்துக்கு நான் பட்டு கட்டட்டுங்களா?” என்றாள்.

“வேர்க்குதுன்னியே?”

“இப்ப வேர்க்கலீங்க.”

“உன் இஷ்டம்” என்றேன். திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவள் காட்டியிருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

மாசியில் மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாளில் போய்விட்டாள். உத்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சுமங்கலியாகப் போனதால் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, முகூர்த்தப் புடவை கட்ட வேண்டும். பெண்கள் உள்ளே போனார்கள். மஞ்சள் கிழங்கு தேடிய என் தங்கை, கிணற்றடி மாடத்திலிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். “அண்ணே, இதைப் பாருண்ணே. அண்ணியோடது.”

உள்ளே தேய்ந்த செங்கல், மெழுகுவத்தித் துண்டு. அடியில் பட்டுத் துண்டுகள், என் தறியில் அறுபட்டு விழுந்தவை. எந்த நிறம் எந்த வருஷம் ஓடியது என்று எனக்கு மனப்பாடம். எல்லாவற்றுக்கும் பழையது மாம்பழ மஞ்சள். இழை இழையாகப் பிய்ந்து நார் நாராக இருந்தது. கிளிப்பச்சையில் பத்துப் பதினைந்து இழுப்பு. வெங்காயச் சருகு நிறத்தில் மூன்று. கடைசித் துண்டு கத்திரிப்பூ நிறம். அன்றைக்கும் தறியில் நின்றது அந்தப் பாவுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓர் இழுப்புகூட இல்லை. தொடத் தகுதி உண்டா என்று நாங்கள் கையைச் சோதிப்பதுபோல, அவள் தன் காலைச் சோதித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் அரம் என்று சொன்ன அந்தக் காலை.

புடவை கட்டிக் கூடத்தில் கிடத்தினார்கள். கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அம்மி மிதித்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் காலைக் கையில் எடுத்தேன். புடவையின் கரையைக் குதிகாலில் வைத்து மெல்ல இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொருமுறை, கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அப்போதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

“புடிக்கல” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல.

வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த அவள் சித்தி பதறிப்போய்க் குனிந்தாள். “இந்தப் பொடவை புடிக்கலியாப்பா? வேற கட்டட்டுமா?”

தங்கை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சித்தி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அந்தக் காலை விடாமல், “புடிக்கலமா, புடிக்கல” என்று படுத்திருந்தவளிடமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.