வெயில் விழுகிற வீடு

ஜெஸிந்தா அக்காவோடு வீடு பார்க்கப் போக மலையளவு பொறுமை வேண்டும். என்னிடம் அது தம்மாத்துண்டு கூடக் கிடையாது என்பது எங்கள் எஸ்டேட்டுக்கே தெரியும். இருந்தும் நான்தான் போனேன். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

வரிசையாக வீடு கட்டின எங்கள் லைனில் கடைசி வீடு அவளுடையது, அதற்கு முந்தியது என்னுடையது. இரண்டு பேருக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை. வருகிற மார்ச்சோடு அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. எங்கள் எஸ்டேட்டில் செக்ரோலில், அதுதான் வேலையாள் பதிவில், பேர் இருக்கிறவரைக்கும்தான் வீடு. பேரை எடுத்துவிட்டால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். முப்பத்தோரு வருஷம் இருந்த வீடு என்றெல்லாம் அங்கே போய்ச் சொல்ல முடியாது.

அந்தக் கடைசி வீட்டை அவள் வாங்கின கதை எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது நடு வீடு. அது பெரியது, அடுப்படிக்குள்ளேயே குழாய் உண்டு. ஆனால் மரத்து நிழலில் கிடக்கும், மத்தியானம்கூடச் சுவர் ஓதமாக இருக்கும். அக்காவின் வீட்டுக்காரர் தேவநேசன் அண்ணனுக்கு ஃபாக்டரியில் தூள் சலிக்கிற ரூமில் வேலை. அவருக்கு இழுப்பு வேறு. ஓதம் ஏறினால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே கிடப்பார். அக்கா மேஸ்திரியிடம் சண்டை போட்டு, ரைட்டரிடம் சண்டை போட்டு, குழாய் வைத்த வீட்டைக் கொடுத்துவிட்டு, வாளி தூக்க வேண்டிய அந்தச் சின்ன வீட்டை வாங்கிக்கொண்டாள். ஏனென்றால் அதில் காலையில் இருந்து பதினொரு மணி வரைக்கும் வெயில் விழும். மலையில் வெயில் விழுகிற வீடு என்றால் சும்மாவா? கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கிறவர்கள்கூட அதை விசாரிப்பார்கள்.

ரோட்டில் இருந்து எங்கள் லைனுக்கு நூறு படிக்கு மேல் ஏற வேண்டும். அண்ணனோடு வரும்போது அக்கா பத்துப் படிக்கு ஒரு தடவை நிற்பாள். குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணுவாள். பண்ணிக்கொண்டே இருப்பாள். அதற்குள் அண்ணனுக்கு மூச்சு அடங்கிவிடும். அவருக்காக நிற்கிறாள் என்று நாலு பேர் முன்னால் தெரியக் கூடாதாம். அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ, "நல்ல செருப்பா ஒண்ணு வாங்கித் தொலையேன்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே திட்டுவார்.

இரண்டு வருஷம் முன்னால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இந்தக் குளிர் ஆகாது, கீழே போய்விடுங்கள் என்று. அன்றில் இருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேருக்கும் இதே பேச்சு. எந்த ஊர், எந்தத் தெரு, எப்படி வீடு. வெயில் விழ வேண்டும், படி இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். பொங்கல் போகட்டும் என்பார் அண்ணன், ஈஸ்டர் போகட்டும் என்பார். போன ஆகஸ்ட் மழையில் அவரே போய்விட்டார்.

அக்கா அழவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் மழையில் நனைந்து வந்து நிற்கிறோம், "வாங்கின குடையெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சா ராஜீ?" என்று கேட்கிறாள். நாலாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். மலையில் என் பக்கத்து வரிசையில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள், பறித்த கொழுந்தின் எடையும் குறையவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"ஒரு தடவை அழுதுருங்கக்கா" என்றேன்.

"வரலை ராஜீ. வந்தா அழமாட்டனா?"

மகள் கெஸியா மஸ்கட்டில் நர்ஸ். அவள் போனில் ஒரு பட்டியல் அனுப்பினாள். கோயமுத்தூர், மைசூர், திருச்சி, ஓசூர். காற்றுக்கு இத்தனை மார்க், தண்ணீருக்கு இத்தனை மார்க், ஆஸ்பத்திரிக்கு இத்தனை மார்க் என்று ஒவ்வொரு ஊருக்கும் பரீட்சை வைத்திருந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். அக்கா கொழுந்துக் கறை படிந்த விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்த ஊரா இருந்தாலும் சரிதான்."

"எந்த ஊரா இருந்தாலும்னா என்னக்கா அர்த்தம்? பஸ்ல ஏறினாக் கண்டக்டர்கிட்டயாவது ஒரு ஊரு பேரு சொல்லணுமில்ல?"

"அப்ப மேட்டுப்பாளையம்னு சொல்லு. எறங்கினா அதுதான மொத ஊரு."

இப்படித்தான் ஊர் முடிவானது. கெஸியா பட்டியலில் மேட்டுப்பாளையம் கிடையவே கிடையாது.

ஜனவரியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் குன்னூரில் பஸ் ஏறினோம். பர்லியாரில் பஸ் நின்றபோது கொய்யாப்பழம் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். தின்னவும் இல்லை, பையில் வைக்கவும் இல்லை. ஜன்னல் ஓரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு குரங்கு வந்து லபக்கென்று பிடுங்கிக்கொண்டு போனது. பஸ்சே சிரித்தது. "போகட்டும், பசி போல" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரங்கைத் திட்டுவதா இவளைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

மேட்டுப்பாளையத்தில் புரோக்கர் நஞ்சப்பன் காத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், கையில் குடையும் வாய் நிறையப் பேச்சும். முதல் வீடு கீழ் வீடு. வாசலில் பெரிய வேப்பமரம், ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. உள்ளே போனால் சில்லென்று இருந்தது. எனக்கே அங்கே குடிவந்துவிடலாம் போல ஆசை. அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உள்ள வெயில் விழாதுங்களா?"

நஞ்சப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்கம்மிணி, மலையில இருந்து எறங்கி வர்ற அத்தன பேரும் மொதல்ல இதத்தானுங்க கேக்கறீங்க. மார்கழி தையில வந்து வெயில் வேணும்னு புடிக்கறீங்க, சித்திரை பொறந்ததும் எங்கூடச் சண்டைக்கு வர்றீங்க. இங்க நெழலுக்குத்தானுங்க வாடகையே."

"இது வேண்டாமுங்க" என்றாள் அக்கா.

இரண்டாவதாகப் பார்த்தது ஒரு மாடி வீடு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, சுற்றிலும் தென்னை. வராந்தாவில் நின்றால் நம் மலை முழுசாகத் தெரிகிறது. பதினெட்டுப் படி. அக்கா முன்னால் ஏறினவள் பாதிக்கு மேல் போய் நின்றாள், குனிந்து செருப்பு வாரைப் பிடித்துக்கொண்டாள். கெஸியா அனுப்பின புதுச் செருப்பு, வார் கெட்டியாகத்தான் இருந்தது. நான் அதை யோசிக்கவில்லை. மேலே வந்ததும் அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"படி இருக்குதே."

"அடக் கடவுளே! கொழுந்து மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு மேடேறின ஆளு, பதினெட்டுப் படிக்கு அலுத்துக்கறீங்களா?"

அவள் அதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது வீட்டுக்கு நஞ்சப்பன் மனசில்லாமல்தான் கூட்டிப்போனார். ஊருக்கு வெளியே தனி வீடு. படி கிடையாது. கிழக்கே பெரிய ஜன்னல், மேற்கே வாசல், சுற்றிலும் பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. மத்தியான வெயில் ரூமுக்குள் பாய் விரித்தாற்போலக் கிடந்தது. வீட்டுக்காரம்மா நேர்மையான பொம்பளை. "ரெண்டு வருசமா ஆள் நிக்க மாட்டேங்கறாங்க, மே மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க" என்று அவளே சொன்னாள்.

அக்கா காதில் அது விழவே இல்லை. ரூமுக்கு நடுவில் அந்த வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆகஸ்டுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு களை வந்தது.

"ராஜீ, இங்க பாரு. கட்டிலை இந்தப் பக்கமாப் போட்டா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மேல வெயில் படும். பாத்ரூம் நாலே எட்டு. ராத்திரி எந்திரிச்சாலும் கஷ்டமில்ல. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கெடைக்கும்ல?"

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தாள். "கட்டில் மேல வெயிலுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேப்பமரத்து வீடு ஏன் வேண்டாம், படி ஏன் வேண்டாம், செருப்பு வார் எதற்கு. அக்கா அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கே அந்தப் புத்தி? நஞ்சப்பன் நிற்கிறார், வீட்டுக்காரம்மா நிற்கிறாள், நான் கத்திவிட்டேன்.

"அண்ணன் செத்துப் போயிட்டாருக்கா! யாருக்கு ஊடு பாக்கறீங்க நீங்க? அவரு வரமாட்டாருக்கா!"

எங்காவது பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. நஞ்சப்பன் குடையை விரித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. கை என் பிடியிலேயே இருந்தது.

"தெரியும் ராஜீ" என்றாள். "நாந்தான மண்ணு போட்டேன். எனக்குத் தெரியாதா?"

"பொறவு என்னக்கா?"

"எனக்கு எப்படி ஊடு வேணும்னு நெனச்சுப் பாக்கறேன். ஒண்ணுமே தோண மாட்டேங்குது. முப்பது வருசமா அவருக்கு என்ன ஆகும், என்ன ஆகாதுன்னே பாத்துட்டனா, எனக்குன்னு கேட்டா உள்ள வெறுமனே இருக்குது. கேக்கறதுக்கு அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அதனால அதையே கேக்கறேன்."

எனக்குக் குபுக்கென்று அழுகை வந்துவிட்டது. துக்கம் அவளுக்கு, அழுகிறது நான். வீட்டுக்காரம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மூக்கைச் சிந்திவிட்டு அவள் பக்கத்தில், அந்த வெயிலிலேயே நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்காவின் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. அதைத் துடைத்து விரலைப் பார்த்தாள்.

"சூடா இருக்குது ராஜீ."

"ஆமாங்கக்கா."

"எனக்கு இந்தச் சூடு ஆகாது போல."

எழுந்து போய் நிழலான சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்ல அஞ்சு மாசம் ஆகியிருக்கிறது.

வேப்பமரத்து வீட்டை அதற்குள் யாரோ பேசி முடித்துவிட்டார்கள் என்று நஞ்சப்பன் போனில் கேட்டுச் சொன்னார். மாடி வீடு மட்டும் இருந்தது. "அத இன்னொரு தடவ பாக்கலாமுங்களா?" என்று அக்காவே கேட்டாள். நஞ்சப்பன் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நாங்கள் கீழேயே நின்றோம். அக்கா மட்டும் ஏறினாள். பத்தாவது படியில் நின்றாள். குனிந்து செருப்பு வாரைப் பிடித்தாள். நஞ்சப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி அடக்கினேன். நானே வாயை மூடிக்கொண்டு நின்றது என் ஆயுசில் அன்றைக்குத்தான். அவள் வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு இரண்டு செருப்பையும் கழற்றி அந்தப் படியின் ஓரத்தில் வைத்துவிட்டு, மீதி எட்டுப் படியையும் வெறுங்காலோடு நிற்காமல் ஏறிப் போனாள்.