மதினி நோட்டின் வலது பக்கம்

பரளச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் பைப் ஒன்று உண்டு. அந்தப் பைப்புக்கும் சுவருக்கும் நடுவே செல்போனைச் செருகி வைத்தால்தான் படம் நிற்காமல் ஓடும்; ஒரு சாண் தள்ளி வைத்தால் சுற்ற ஆரம்பித்துவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு, காக்காய்கூட நிழல் தேடிப் போயிருக்கும் நேரத்தில், என் அண்ணன் மனைவி ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பைப்புக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். மடியில் நோட்டு. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் சிரித்தேன். சும்மா சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. "என்ன மதினி, செல்போன்ல கரண்டு படிக்கீகளா? பாத்து, ஷாக் அடிச்சிரப் போவுது" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லியும் வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் திமிருக்கு ஒரு காரணம் இருந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் வாத்தியார் நான். கரும்பலகை, பெஞ்சு, வருகைப் பதிவு, ஆய்வகம், இவை இல்லாத படிப்பு படிப்பே இல்லை என்று நம்பியவன். ஆன்லைன் படிப்பைப் பற்றி நான் கண்டதும் அப்படி. எங்கள் தெருவிலேயே ஒரு மாப்பிள்ளை, படத்தை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போவான். வந்து பார்ப்பான், பாடம் முடிந்திருக்கும். தேர்வில் தப்பாகிவிட்டால் வேறு விடையை அமுக்குவான். சரியாகும் வரை அமுக்கிக்கொண்டே இருப்பான். ஒரே வாரத்தில் ஐந்து சான்றிதழ் வாங்கி, ஐந்தையும் வாட்ஸப்பில் போட்டான்; நானும் வாழ்த்துச் சொன்னேன். மதினியும் அந்த ரகம்தான் என்று நினைத்துவிட்டேன்.

மதினிக்கு அது பொழுதுபோக்கு இல்லை. அண்ணன் லாரி ஓட்டியவர். மாதத்தில் பாதி நாள் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விடுவார். அந்த வருஷம் இடுப்பு வட்டு விலகிப் படுத்தவர்தான், இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. மழையை நம்பிய கரிசல் காடு கொஞ்சம். மதினி பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணமாகி வந்தவர். திருச்சுழிப் பக்கம் சோலார் பிளாண்டுகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு இடத்தில் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்த வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும், கிடைக்காவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அதற்காகத்தான் அந்தக் குடையும் வெயிலும்.

ஒருநாள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். பிள்ளைகள் பாதி எழுதி மிச்சம் விட்ட பள்ளிக்கூட நோட்டு. இடது பக்கத் தலையில் 'பாத்தது', வலது பக்கத் தலையில் 'செஞ்சது'. பாடத்தில் பார்த்த ஒவ்வொன்றும் இடது பக்கம் இருந்தது. அதையே தன் கையால் செய்த பிறகுதான் அதற்கு நேரே வலது பக்கம் ஒரு வரி எழுதியிருந்தார். 'பியூஸ் போட்டது, நம்ம வீடு.' 'ஸ்டார்ட்டர் பிரிச்சு மாட்டினது, காட்டு மோட்டார், சின்ன மாமா கூட இருந்தாக.' இடது பக்கம் நிறைந்து கிடந்தது. வலது பக்கத்தில் வெறும் கோடுகளே அதிகம். தேர்வில் முதல் தடவையே சரியாகச் சொன்னதை மட்டும்தான் தெரிந்ததாக வைத்துக்கொள்வாராம். இரண்டாவது தடவை அமுக்கிச் சரியானால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி பார்ப்பாராம். யார் கேட்டார்கள் அவரை? ஒருத்தரும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து தனக்குத் தானே வாத்தியாராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்திருக்கிறார். எனக்குச் சுரீரென்றது, ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"தம்பி, ஒரு நாளு உங்க லேபைத் திறந்து விடுவீகளா? வலது பக்கம் ரொம்பக் காலியாக் கெடக்கு" என்று கேட்டார். நான் மூன்று சனிக்கிழமை சாக்குச் சொன்னேன். தேர்வு இருக்கிறது என்றேன், சாவி பிரின்சிபாலிடம் என்றேன். உண்மை வேறு. எங்கள் ஆய்வகத்தின் லட்சணம் எனக்குத்தானே தெரியும்.

நாலாவது சனிக்கிழமை மதினியே பஸ் ஏறி வந்து கேட்டில் நின்றுவிட்டார். வேறு வழியில்லை, திறந்தேன். மீட்டரைக் கையில் கொடுத்து, பிளக்கில் வோல்டேஜ் அளக்கச் சொன்னேன். கம்பி முனையில் விரல் படும்படி பிடித்தார். "ஏ, விரலை எடுங்க!" என்று நான் அலறியதில் ஜன்னலோரப் புறா பறந்தது. மதினி பயப்படவில்லை, முகமெல்லாம் சிரிப்பு. "இதத்தான் தம்பி அந்தப் போன் வாத்தியாரு சொல்ல மாட்டாரு. நாம தப்பாப் புடிச்சாலும் அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டே போவாரு" என்றார். அன்று ஒரே நாளில் ஒன்பது வேலை செய்தார். இருபது வருஷத்தில் அப்படி ஒரு மாணவர் எனக்கு வாய்த்ததில்லை, சத்தியமாக.

கடைசியாக மெக்கரைக் கேட்டார். வயரின் மேலுறை பழுதாகிக் கரண்டு கசிகிறதா என்று பார்க்கும் கருவி அது. கைப்பிடியைச் சுற்றினால் முள் காட்டும். சோலார் வேலைக்கு அதுதான் உயிர். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கைப்பிடி இல்லை.

"ஒடஞ்சு எத்தன நாளாச்சு தம்பி?"

"மூணு வருசம்."

மேஜைமேல் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கியிருந்தன. மதினி ஒன்றை எடுத்துப் புரட்டினார். அந்த வருஷத்து நோட்டு. மெக்கர் சோதனை என்ற தலைப்பின் கீழ் கட்டம் போட்டு, அளவுகளெல்லாம் முத்து முத்தாக எழுதி, அடியில் சிவப்பு மையில் என் கையெழுத்து. முந்தின வருஷத்து நோட்டைப் பார்த்து இந்த வருஷம் எழுதுவார்கள், நாங்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். ஊரெல்லாம் நடப்பதுதானே என்று என் மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்திருந்தேன். மதினி அந்தக் கையெழுத்தையும் கைப்பிடி இல்லாத மெக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தார். நான் பீரோவைப் பூட்டுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வேலைக்கு விண்ணப்பிக்க, செய்முறைப் பயிற்சி எடுத்ததற்கு ஒரு கடிதம் வேண்டும் என்று பிளாண்டில் கேட்டிருந்தார்கள். குற்ற உணர்ச்சியோ பாசமோ, நானே முந்திக்கொண்டேன். "மூணு மாசம் எங்க லேப்ல பயிற்சி எடுத்ததா எழுதித் தாரேன் மதினி."

"நான் வந்தது ஒரே நாளுல்ல?"

"எல்லாரும் அப்படித்தான் குடுக்காக."

"அப்ப ஒரு நாளுன்னே எழுதுங்க. என்னென்ன தொட்டேன்னு எழுதுங்க. மெக்கர் தொடலைன்னும் எழுதுங்க."

"அப்படி எழுதுனா எவன் வேலை குடுப்பான்?"

"எழுதலைன்னா, நான் மெக்கர் வச்சுச் சோதிச்சுட்டேன்னு நம்பி எவனாச்சும் வயர்ல கை வைப்பான்ல, தம்பி."

கட்டிலில் கிடந்த அண்ணன் எங்கள் இருவரையும் வைதார். வீட்டு நிலைமை தெரியாமல் அரிச்சந்திரன் வேஷம் போடுகிறாள் என்றார். மதினி அடுப்படிக்குள் போய்விட்டார். அரை மணி நேரம் ஆளையே காணோம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் கடிதம் அவர் சொன்னபடிதான் போனது. ஒரு நாள், ஒன்பது வேலை, மெக்கர் தொடவில்லை. அப்படியொரு கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிளாண்டில் ஆள் எடுக்கும் நாளில் பைக்கில் நான்தான் கூட்டிப் போனேன். திருச்சுழியைத் தாண்டி, கண்ணுக்கெட்டிய மட்டும் பேனல்கள். ஆறு பேர் வந்திருந்தார்கள், அதில் ஒருவன் என் மாணவன், டிப்ளமோ முடித்தவன். வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜினியர் ஒரு பெட்டியைக் காட்டி மெக்கர் சோதனை செய்யச் சொன்னார். முதலில் என் மாணவன் போனான். ஸ்விட்சை அணைத்தான். அணைத்ததும் எல்லாம் செத்துவிட்டது என்று நினைத்து, பேனல் பக்கத்து முனைக்கு வெறுங்கையைக் கொண்டுபோனான். வெயில் இருக்கும்வரை அந்தப் பக்கம் உயிரோடுதான் இருக்கும். "கையை எடு!" என்று என்ஜினியர் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஒரு விரல்கடை தூரம்தான். அவன் பிழைத்தது என்ஜினியர் புண்ணியம். சாகக் கிடந்தது என் சிவப்பு மையால்.

மதினி முறை வந்தது. "சார், இந்த மிசினை நான் தொட்டதில்ல, படத்துல பாத்ததுதான். பேனல் பக்கம் வெயில் இருக்குற மட்டும் கரண்டு இருக்கும், அது தெரியும். கையுறை குடுங்க. ஒருக்கா நீங்க செஞ்சு காட்டுங்க, அடுத்ததை நான் செய்றேன்." என்ஜினியர் என் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் படித்தார். பிறகு செய்து காட்டினார். மதினி நிதானமாக, ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார். ஆறு பேரில் மதினியை மட்டும் பயிற்சி ஊழியராக எடுத்துக்கொண்டார்கள். திரும்பும் வழியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நாங்கள் கிளம்புமுன் என் மாணவன் "வாரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்த வாரமே மெக்கரை விருதுநகர் கொண்டுபோய்ச் சரி செய்தேன். செய்யாத சோதனைக்குக் கையெழுத்து இல்லை என்றதும் பையன்கள் முறைத்தார்கள், சக வாத்தியார்கள் கிண்டல் செய்தார்கள். போர்டும் பெஞ்சும் இருந்தால் அது படிப்பு, செல்போனில் இருந்தால் பொய் என்று நான் பேசுவதை விட்டு வருஷங்களாயிற்று. எதில் படித்தாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளைத்தான் இப்போது நம்புகிறேன்.

மதினி இன்று அதே பிளாண்டில் பராமரிப்புக் குழுவுக்குப் பொறுப்பு. ஆள் எடுக்கும்போது அவரையும் உட்கார வைக்கிறார்கள். போன மாதம், நான் வகுப்பு முடித்து வெளியே வந்த நேரம், போன் வந்தது.

"தம்பி, உங்க காலேசுல படிச்ச ஒருத்தரு வந்திருக்காரு. ரெக்கார்டு நோட்டு கொண்டாந்திருக்காரு. மெக்கர் ரீடிங்கெல்லாம் இருக்கு, அடியில உங்க கையெழுத்து. நம்பலாமா?"

"தேதி என்ன போட்டிருக்கு மதினி?"

வாசித்தார். கைப்பிடி உடைந்து கிடந்த காலம். ஆமா என்று ஒரு சொல் சொன்னால் அவனுக்கு வேலை, எனக்கும் மரியாதை. பக்கத்தில் மாணவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன்.

"நம்பாதீக மதினி. அந்தக் கையெழுத்து பொய். அவன் மெக்கரைத் தொட்டதே இல்ல."

அங்கே நோட்டை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி தம்பி. அவரைத் திருப்பி அனுப்பிற மாட்டோம், மொதல்ல இருந்து சொல்லிக்குடுத்துக்கிறோம்" என்றார் மதினி. "இப்பச் சொன்னீகள்ல, இதை நம்புறேன்."