காற்றை இறக்கச் சொன்ன லூர்துமேரி அக்கா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீசல் கேனோடு பாலக்கோடு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். மாரண்டஹள்ளியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார். "கோவிந்தராஜு, உங்க கம்ப்ரசர் வண்டி அம்மா விடியக்காலைல போயிட்டாங்களாம். கோயில் மணி அடிச்சாங்க" என்றார். அந்தப் பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறிப் போனேன்.

லூர்துமேரி அக்காவின் பெட்டிக்குக் காலடியில் பெரிய ரோஜா மாலை ஒன்று கிடந்தது. அதில் கட்டியிருந்த அட்டையில் பழைய முதலாளியின் பெயர் இருந்தது. நான் அந்த மாலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேலிகாத்தான் புதருக்குள் வீசினேன். சாவு வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். நம் கிணற்று வேலைக்காரர் சங்கத்து மலருக்கு அக்காவைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டபோது, அந்த முகச்சுளிப்புக்கும் சேர்த்துப் பதில் எழுதிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அக்காவைக் கிணற்று வேலையில் பார்த்த உங்களில் பலர் அவருடைய கணவர் அருளப்பண்ணனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பாறையில் துளை போடுவதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. நான் டிராக்டர் ஓட்டுவேன். பின்னால் கம்ப்ரசரும் காற்று டேங்கும் இருக்கும். டேங்கிலிருந்து போகும் தடித்த ரப்பர் ஹோஸின் நுனியில் துளை போடும் மெஷினை மாட்டிக்கொண்டு அண்ணன் கிணற்றுக்குள் இறங்குவார். அவர் துளை போட்டு வெடி வைத்த பிறகு, பெண்கள் இறங்கிக் கல் அள்ளுவார்கள். தண்ணீர் அடியாழத்துக்குப் போய்விட்ட இந்த மாவட்டத்தில், எங்கள் வண்டிக்கு ஓய்வே இருந்ததில்லை.

முதலாளி எங்களுக்குப் போட்டிருந்த உத்தரவு ஒன்றுதான். ஒரு கிணற்றை முடித்து அடுத்த கிணற்றுக்குப் போகும்போது டேங்கில் இருக்கும் காற்றைத் திறந்துவிடக் கூடாது. மறுபடி நிரப்ப நேரமும் டீசலும் ஆகுமாம். ஹோஸைக் கழற்றக்கூட வேண்டாம், மேலே சுருட்டிப் போட்டு ஓட்டு என்பார். வேண்டாம் முதலாளி என்று அருளப்பண்ணன் இரண்டு முறை என் காது கேட்கச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றை முடித்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தோட்டத்துக்குக் கிளம்பினோம். அண்ணன் எப்போதும் போல வலது பக்க மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். வறண்ட ஓடையில் வண்டி இறங்கி ஏறியபோது பலமாகக் குலுங்கியது. மேலே கிடந்த ஹோஸ் சரிந்து வால்வின் கைப்பிடியில் மாட்டி அதைத் திறந்துவிட்டது. நிறைந்திருந்த காற்று முழுவதும் ஒரே நேரத்தில் ஹோஸுக்குள் பாய்ந்தது. நுனியில் மெஷினை மாட்டும் இரும்புக் கப்ளிங் அண்ணனின் பின்மண்டையில் அடித்தது. அவர் கீழே விழுந்தார். அதன் பிறகும் ஹோஸ் நிற்கவில்லை. தரையை அறைந்துகொண்டு இங்கும் அங்கும் துள்ளியது. டேங்க் காலியாகும் வரை எங்களில் ஒருவராலும் அவர் பக்கத்தில் போக முடியவில்லை. போனபோது உயிர் இல்லை.

போலீஸ் வருவதற்கு முன்பே முதலாளி வந்து சேர்ந்தார். என்னைப் புளியமரத்துப் பக்கம் தனியாக அழைத்துப் போனார். அருளப்பன் குடித்திருந்தான், வால்வில் காலை வைத்துவிட்டான், அப்படித்தான் நடந்தது என்றார். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். வேறு வேலை தெரியாது. அவர் சொன்னபடியே ஸ்டேஷனில் சொன்னேன், எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டேன். பண்டிகை நாளில்கூடக் குடிக்காத மனிதர் குடிகாரராகப் புதைக்கப்பட்டார்.

அடக்கம் முடிந்ததும் லூர்துமேரி அக்கா நேராக என்னிடம் வந்தார். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்று அந்தச் சொல் வரவில்லை.

"அவரு குடிச்சத நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

"சரி. உங்க ரெண்டு பேரையும் நான் வுடமாட்டேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை.

சில வாரம் கழித்து, எங்கள் வண்டி போன கிணற்றில் கல் அள்ளும் பெண்களோடு அக்காவும் கூடையோடு நின்றார். கல் அள்ளுபவர்களைக் கிணற்றுச் சொந்தக்காரர்களான தோட்டக்காரர்கள்தான் கூலிக்கு வைப்பார்கள், முதலாளிக்கு அதில் பேச்சில்லை. அடுத்த கிணற்றிலும் நின்றார். அதற்கடுத்ததிலும். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். எந்தக் குழாய் எதற்கு, டேங்குக்கு அடியில் இருக்கும் சின்னத் திருகு எதற்கு, மீட்டர் முள் எங்கே நிற்க வேண்டும் என்று புதிதாக வந்த துளைக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். புருஷனைக் கொன்றது எது என்று அதன் கடைசி ஆணி வரைக்கும் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று இருந்தார். தெரிந்துகொண்டதைத் தோட்டக்காரர்களிடம் சொல்லத் தொடங்கினார். இந்த வண்டி காற்றை இறக்காமல் ரோட்டில் போகிறது, உங்கள் பிள்ளைகள் வரப்பில் நிற்கும்போது கவனம் என்பார். அவ்வளவுதான் சொல்வார். அதுவே போதுமாக இருந்தது.

முதலாளி ஆள் அனுப்பி மிரட்டினார். கல் அள்ளும் வேலை கொடுக்க வேண்டாம் என்று நாலு தோட்டக்காரர்களிடம் சொல்லியும் பார்த்தார். அக்கா ஐந்தாவது தோட்டத்துக்குப் போனார்.

என்னிடம் வேறு வழியில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து உட்காருவார். என் மனைவியோடு ரேஷன் கடை, மழை, கேப்பை விளைச்சல் என்று ஊர்க்கதை பேசுவார். எழுந்திருக்கும்போது மட்டும், "உங்க வூட்டுக்காரரு கிட்ட ஒன்னு கேளும்மா. அன்னிக்கு அருளப்பன் மேல சாராய வாடை அடிச்சுதான்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் இரண்டு வாரம் என் மனைவி கேட்டாள், வாடை அடித்தது என்றேன். மூன்றாவது வாரம் அவள் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அக்கா ஞாயிறு தவறாமல் வந்தார்.

பத்து மாதம் இப்படிப் போனது. பிறகு பாப்பிரெட்டிப்பட்டியில் அந்த நாள் வந்தது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கிணற்று வேலை முடிந்து வண்டியைக் கிளப்பத் தயாராக இருந்தேன். வேலையைப் பார்வையிட வந்திருந்த முதலாளியின் ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. பஸ் வரும் ரோடு வரை டிராக்டரிலேயே வருகிறேன் என்று சொல்லி வண்டியருகே வந்தார். தோட்டக்காரரும் அவர் வீட்டாரும் கல் அள்ளிய பெண்களும் சுற்றி நின்றார்கள். அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"ஏறுங்க முதலாளி. அந்த வலது பக்க மட்கார்டுலயே ஒக்காருங்க. எங்க வூட்டுக்காரரு ஒக்காந்த எடம் அதுதான்."

படியில் ஒரு காலை வைத்திருந்த முதலாளி அப்படியே நின்றார்.

"டேங்க்ல காத்து முழுசா இருக்குதுங்க. வால்வக் கட்டல. ஹோஸ் மேல சும்மாதா கெடக்குது. எல்லாம் உங்க உத்தரவுப்படிதா இருக்குது. ஏறுங்க."

அவர் காலைக் கீழே எடுத்தார். என்னைப் பார்த்து, "கோவிந்தராஜு, மொதல்ல காத்த எறக்கு" என்றார்.

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. அவர் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் ஆசையோடு நினைத்துப் பார்க்கிறேன்.

அக்கா அமைதியாகக் கேட்டார். "ஏனுங்க? டிரைவரு குடிக்கல. நீங்களும் குடிக்கல. அப்புறம் எதுக்குங்க பயம்?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். முதலாளி மறுபடி காற்றை இறக்கச் சொன்னார். நான் இறங்கி, தோட்டக்காரர் பக்கம் திரும்பி, அருளப்பண்ணன் குடித்திருக்கவில்லை, நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் ஹோஸைக் கழற்றி வால்வைத் திறந்தேன். டேங்க் காலியாகும் வரை அந்த இரைச்சலில் முதலாளியால் எதுவும் பேச முடியவில்லை. காற்று முழுவதும் போவதற்குள் அவர் ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

ஜீப்பை ஏதாவது செய்தீர்களா என்று பின்னாளில் அக்காவிடம் கேட்டேன். "நான் தொடல. ஆனா இப்படி ஒரு நாள் அது நின்னு போவணும்னு பத்து மாசமா செபம் பண்ணியிருக்கேன்" என்றார்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுத்தேன். முன்பு பொய் சொன்னதற்கு வாங்க வேண்டிய ஏச்சையும் வாங்கினேன். என் வேலை போனது. மூன்று வருஷம் தர்மபுரி கோர்ட்டுக்கு நடந்தோம். முதலாளிக்குக் கிடைத்த தண்டனை சின்னதுதான். ஆனால் இறந்தவர் குடித்திருந்ததாகச் சொன்னது பொய் என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. அக்கா அந்த ஒரு பக்கத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பங்குச் சாமியாரிடம் கொடுத்தார். ஞாயிறு பூசை முடிவில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வைத்தார். வாசிக்கும்போது அக்கா உட்காரவில்லை, நின்றே கேட்டார்.

அதற்குள் முதலாளியின் தொழில் சரிந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டியில் நடந்தது தீர்த்தமலை வரைக்கும் தெரிந்திருந்தது. வண்டி வாசலுக்கு வந்ததும் காற்றை இறக்கிவிட்டுத்தான் கொண்டுவந்தீர்களா என்று தோட்டக்காரர்கள் அவரைக் கேட்டார்கள். துளைக்காரர்கள் அவர் வண்டியில் ஏறவில்லை. கடைசியில் வண்டியை விற்றார். வாங்கியவர் என்னை டிரைவராக வைத்துக்கொண்டார். டேங்கையும் ஹோஸையும் பார்த்துக்கொள்ள லூர்துமேரி அக்காவையும் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

வண்டி கிளம்பும் முன் மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்பதை அக்கா வந்து பார்க்க வேண்டும். ஹோஸைக் கழற்றி, நுனியில் மண் போகாமல் துணி கட்டி, பெரிய வட்டமாகச் சுருட்டி, வண்டியோடு இறுக்கிக் கட்டுவார். மடங்கிச் சுருண்ட ஹோஸைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது, மடிந்த இடத்தில் ரப்பர் வெடிக்கும் என்பார். வால்வின் கைப்பிடிக்குத் தனியாக ஒரு கம்பிக் கட்டு. வேலை நடக்கும்போது கப்ளிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கம்பி. கழன்றாலும் துள்ளாது. சாயங்காலம் டேங்க் அடியில் திருகைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடிப்பார். விட்டால் உள்பக்கம் துருப்பிடித்துத் தகடு மெலிந்துபோகும். கொட்டகையில் ஹோஸ்களை வெயிலும் எண்ணெயும் படாத பக்கம், எலி ஏறாத உயரத்தில், சுவரில் அடித்த மரமுளைகளில் தொங்கவிடுவார். புதிதாக வந்த ஒருவர் சலித்துக்கொண்டபோது, "ஹோஸு சும்மா படுத்திருக்குதுன்னு நெனைக்காத. உள்ள காத்து இருந்தா அது முழிச்சிருக்குது" என்றார். அந்த ஆள் அன்றிலிருந்து ஹோஸைத் தாண்டுவதில்லை, சுற்றிக்கொண்டு போவார்.

பாதுகாப்பில் இத்தனை அக்கறை உள்ளவர் மனத்தில் பகை ஆறிப்போயிருக்கும் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது தவறு. முதலாளி வீட்டுக்கு எதிர்த் தோட்டத்தில் ஒரு முறை பதினைந்து நாள் வேலை வந்தது. மதியமும் சாயங்காலமும் காற்றை இறக்கும் வேலையை அக்கா வேறு யாருக்கும் தரவில்லை. வண்டியை அந்த வீட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தச் சொல்லி, தானே வால்வைத் திறப்பார். அந்த இரைச்சலில் தெருவில் பேச்சு நிற்கும். கடைசி நாள் முதலாளி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது.

"இன்னுமாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும்தாங்க" என்றார் அக்கா. காற்று முழுவதும் போகும் வரை வால்வில் இருந்து கையை எடுக்கவில்லை.

கல்தூசி அக்காவின் நெஞ்சில் தங்கிவிட்டது. கடைசி ஒரு வருஷம் வேலைக்கு வரவில்லை. இறப்பதற்குப் பத்து நாள் முன்பு போய்ப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. எழுந்து உட்காரவே முதுகைத் தாங்க வேண்டியிருந்தது. நான் அவரோடு ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில், இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். என்னை மன்னித்துவிட்டீர்களா அக்கா என்றேன்.

தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"இல்ல" என்றார். "மன்னிச்சுட்டன்னா நீ மறந்துருவ. மறந்தீன்னா ஒரு நாளு காத்த எறக்காம வண்டிய எடுப்ப."

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "போயிட்டு வா தம்பி" என்றார்.

அக்காவின் சேலையோ செபமாலையோ என்னிடம் இல்லை. அவர் மன்னிக்காமல் விட்டது மட்டும் இருக்கிறது. அதை ஒரு நாளும் கைவிட மாட்டேன். தினமும் வண்டி சாவியைத் திருகும் முன் அது என்னை இறங்கிப் போய் மீட்டர் முள்ளைப் பார்க்க வைக்கிறது. முதலாளி இன்னும் உயிரோடு இருக்கிறார். அக்கா போய்விட்டார், இனி கேட்க ஆள் இல்லை என்று அவர் நினைத்தால், நான் இருக்கிறேன். அவருக்கும் என்னிடம் மன்னிப்பு இல்லை.