க்யூபிட்டும் ஒரு சாத்துக்குடியும்

காப்பீட்டு அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டப் போய்க்கொண்டிருந்தேன். அப்படித்தான் தாராவியில் ஒருவர் பழக்கமானார். பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். பதவி உயர்வுத் தேர்வுக்கான பாடத்தில் அந்த வருஷம் குவாண்டம் கம்ப்யூட்டிங்கையும் சேர்த்திருந்தார்கள். வரிகளை அவருடைய போனே படித்துவிடும். படம் வந்தால் மட்டும் ‘இமேஜ்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அதற்குத்தான் நான் அவர் வீட்டுக்குப் போனேன்.

சாதாரண பிட் பூஜ்யமாகவோ ஒன்றாகவோதான் இருக்கும். க்யூபிட் இரண்டின் கலவையாகவும் இருக்கலாம். ஆனால் அளந்து பார்த்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இதுவரை அவரே கேட்டுப் புரிந்துவைத்திருந்தார்.

“இங்க ஒரு பந்து போட்டிருக்கு. அவ்வளவுதான், மேல போகலாமா?” என்றேன். எனக்கே அந்தப் படம் புரியவில்லை என்பதுதான் உண்மை.

“பந்துன்னா எப்படிக்கா? அதுல எங்க, என்ன எழுதியிருக்கு? சும்மா தாண்டிப் போகாதிய.”

குரலில் கோபமில்லை, அதுதான் சுட்டது. உச்சியில் பூஜ்யம், அடியில் ஒன்று, உள்ளே க்யூபிட்டின் நிலையைக் காட்ட ஒரு அம்புக்குறி என்று தடுமாறிச் சொன்னேன். பக்கத்தில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். ஒரு சாத்துக்குடியின் உச்சியில் ஒரு குண்டூசியும் அடியில் இரண்டும் குத்தி, நட்டநடுவே நூலைச் சுற்றிக் கணவர் கையில் வைத்தார்.

“இந்தாங்க, தடவிப் பாருங்க.”

அவர் விரல் உச்சியிலிருந்து மெல்ல இறங்கியது.

“அம்பு முனை இங்கன இருந்தா பூஜ்யம் வரத்தான் சான்ஸ் ஜாஸ்தி. நூல் மேல இருந்தா பாதிக்குப் பாதி. சரியாக்கா?”

“சரிதான்.”

“நூல்ல எங்க இருந்தாலும் பாதிக்குப் பாதின்னா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணுதானா?”

புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்றல்ல. அந்த வித்தியாசத்துக்குப் பெயர் ஃபேஸ், அதாவது கட்டம். பூஜ்யமா ஒன்றா என்று அளந்தால் அது வெளியே தெரியாது. ஆனால் கணக்கு நடக்கும்போது சரியான விடைக்கு வாய்ப்பு கூடுவதும் தவறானது அழிவதும் அதை வைத்துத்தான்.

“அப்ப மறைவுல இருந்து வேலை பாக்குதுன்னு சொல்லுங்க” என்று சிரித்தார்.

தேர்வில் தேறினார். ரயிலில் போக வேண்டிய அம்பர்நாத் கிளையில் போட்டார்கள். வாழ்த்தப் போனபோது அவர் மனைவியின் முகத்தில் சந்தோஷத்தோடு கவலையும் இருந்தது.

“புது ஸ்டேஷன். படி எங்க, ரோடு எங்கன்னு ஒண்ணும் தெரியாதுக்கா. ஒரு வாரம் மெஷினை மூடிட்டு நானும் கூடப் போறேன்.”

“அவ லேடீஸ் டப்பாவுல ஏறிட்டா நான் எங்க போய்த் தேட?” என்றார் அவர்.

“உங்க ஹேண்டிகேப் டப்பாவுலதான் ஏறுவேன். யாராச்சும் கேட்டா, கூட வந்தவன்னு சொல்லுங்க.”

திங்கட்கிழமை காலை இருவரும் பக்கத்து சயான் ஸ்டேஷனில் அம்பர்நாத் லோக்கல் ரயிலில் ஏறினார்கள்.